கணக்கு யார் கையில்?

(வத்தல்மலையில் நடைபெற்ற வாலிபர் - மாணவர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த வகுப்புக்கு வந்திருக்கும் மாணவத் தோழர்களில் ஒருவர் பத்திரிகைத் தொழில் படிக்கிறார். அவர் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார். "இணையத்தில் செய்தி எழுதப் பழகுகிறேன். கணிப்பொறிக்கு நிரல் எழுதவும் கற்று வருகிறேன். சர்க்கார் இலாகாக்கள் வெளியிடும் புள்ளிவிவரங்களை இறக்கி, அலசிப் பார்க்கிறேன். இவற்றால் வத்தல்மலை ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்வதையே இன்றைய பேச்சாக வைத்துக் கொள்கிறேன்.

இந்த விஷயத்தில் நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. "கணிப்பொறியும் இணையமும் ஏகபோக முதலாளிகளின் சொத்து. உழைப்பாளி மக்களின் பத்திரிகையாளனுக்கு அங்கே என்ன வேலை? ஜனங்களிடம் போய்க் கேட்டு எழுதினால் போதாதா?" என்கிறார்கள் ஒரு சாரார். "எல்லாத் தகவலும் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே எடுத்து விடலாம். வெயிலில் ஊர் ஊராக அலைவானேன்?" என்கிறார்கள் இன்னொரு சாரார். முதல் சாரார் எதிரியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவே மறுக்கிறார்கள். இரண்டாவது சாரார் அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக் கொள்கிறார்கள். இரண்டுமே உழைக்கும் மக்களுக்கு நஷ்டத்தைத்தான் கொண்டு வரும்.

கணக்கை எடுக்கவும் வேண்டும். எடுத்த கணக்கை மலைக்குக் கொண்டு வந்து, ஜனங்கள் முன் வாசித்துச் சரிபார்க்கவும் வேண்டும். நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். எப்படி, ஏன் என்பதை விளக்குகிறேன்.

இது நமக்குப் புதிய வேலையா?

புள்ளிவிவரத்தை ஆயுதமாக்குவது நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1845-ல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றி நூல் எழுதினார். மான்செஸ்டர் சந்துகளில் தாம் நேரில் கண்டவற்றோடு சர்க்கார் விசாரணை அறிக்கைகளையும் சேர்த்தே அதில் ஆதாரம் காட்டினார். மார்க்ஸ் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்து வாசகசாலையில் உட்கார்ந்து, நீல அட்டை போட்ட பார்லிமெண்ட் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் படித்தார். லெனார்டு ஹார்னர் போன்ற தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் எழுதிய அறிக்கைகள், 1867-ல் வெளிவந்த மூலதனம் முதல் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், முதலாளிகளுக்கு எதிரான சாட்சிகளாக வந்து நிற்கின்றன. முதலாளிகளின் சர்க்கார் அச்சிட்ட அறிக்கையைக் கொண்டே முதலாளிகளின் கொடுமையை நிரூபித்தார் மார்க்ஸ்.

லெனின் என்ன செய்தார்? சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த காலத்தில், ரஷ்ய ஸ்தல ஸ்தாபனங்கள் வீடுவாரியாகத் திரட்டிய விவசாயக் கணக்குகளைத் தருவித்து, அவற்றைப் பிரித்து அடுக்கினார். 1899-ல் ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி பற்றிய நூல் வெளிவந்தது. பணக்கார விவசாயியையும் ஒரு குதிரைகூட இல்லாத ஏழையையும் ஒன்றாகக் கூட்டி வகுத்துச் சராசரி சொல்லுகிறவர்கள் உண்மையை மூடி மறைக்கிறார்கள் என்பது அந்த நூலின் முக்கியமான வாதங்களில் ஒன்று. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. சென்னை சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில், தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து அவரவர் கிராமத்துக்கே அனுப்பினார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி முதலிய ஊர்களின் நிலம், கூலி, கடன் எல்லாம் அப்படித்தான் 1918-ல் நூலாக வந்தன. பின்வந்தவர்கள் அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று அளந்து பார்த்தார்கள். மாணவர்கள் கையில் அன்று பென்சிலும் காகிதமும் இருந்தன. இன்று கணிப்பொறி இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு, கடன் யாரிடம்?

இணையச் செய்தி யாருடையது?

இணையம் வந்தபோது, "இனி யார் வேண்டுமானாலும் பத்திரிகை நடத்தலாம், அச்சு யந்திரம் வேண்டாம், காகிதம் வேண்டாம், ஏஜெண்டு வேண்டாம்" என்றார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், எழுதிய செய்தி யார் கண்ணில் படவேண்டும், யார் கண்ணில் படக்கூடாது என்பதை முடிவு செய்வது விரல்விட்டு எண்ணக்கூடிய சில அன்னியக் கம்பெனிகள். அவர்களுக்கு வருமானம் விளம்பரத்தில். ஆகவே, எதைப் பார்த்து ஜனங்கள் அதிக நேரம் நிற்கிறார்களோ அதற்கே முதலிடம்.

இந்த மலையையே எடுத்துக் கொள்ளுங்கள். இணையத்தில் வத்தல்மலை என்று தேடுகிறவனுக்கு என்ன கிடைக்கிறது? கொண்டை ஊசி வளைவுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படமும், பனி மூடிய காலைக் காட்சியும் கிடைக்கும். அவை பொய்யல்ல, மலை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், சுதந்திரம் பெற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த மலைக்கு ஒரு அரசுப் பேருந்து கூட ஏறவில்லை என்பதும், மாவட்டத் தலைநகரின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் மலையாளி பழங்குடி மக்கள் காப்பியையும் மிளகையும் தலைச்சுமையாய் இறக்கிய காலம் ஒன்று இருந்தது என்பதும் அந்தப் படங்களில் வராது. 2021 செப்டம்பரில் முதலமைச்சரே மலையேறி வந்தார். அதன் பிறகுதான் பேருந்து வந்தது. எத்தனை ஆண்டுகளாக எத்தனை மனுக்கள் போயின, எந்த இலாகா எந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியது? இதை எழுதுவதல்லவா செய்தி?

இணையத்தில் உழைப்பாளி பக்கம் நின்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பி. சாய்நாத் 2014 டிசம்பரில் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் களஞ்சியத்தைத் தொடங்கினார். அதில் கட்டுரைகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளிவந்தன. ஆனால், ஆளும் வர்க்கத்துக்குப் பிடிக்காததை எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2023 அக்டோபர் 3-ந் தேதி நியூஸ்கிளிக் இணையப் பத்திரிகையோடு சம்பந்தப்பட்ட பத்திரிகையாளர்களின் வீடுகளில் டெல்லி போலீஸ் புகுந்தது. கணிப்பொறிகளையும் தொலைபேசிகளையும் அள்ளிக்கொண்டு போனது. அதன் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா ஊபா சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அந்தக் கைதே சட்ட விரோதம் என்று 2024 மே 15-ந் தேதி உச்சநீதிமன்றம் கூறி அவரை விடுவித்தது. பத்திரிகையாளனின் கணிப்பொறியைக் கண்டு சர்க்கார் அஞ்சுகிறது என்றால், அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நூறு நாள் வேலையின் கணக்கு

இனி நிரலுக்கு வருகிறேன். நிரல் என்றால் ஏதோ மந்திரம் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு குமாஸ்தா செய்யும் வேலையைச் சலிக்காமல், வேகமாகச் செய்யும்படி யந்திரத்துக்கு எழுதிக் கொடுக்கும் உத்தரவுதான் அது.

2005-ல், இடதுசாரிகளின் ஆதரவில் நின்ற மத்திய ஆட்சிக் காலத்தில், கிராமப்புற வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. நாம் நூறு நாள் வேலை என்கிறோம். இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. வேலை அட்டை, மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பட்டியல், கொடுத்த கூலி எல்லாம் ஊராட்சி வாரியாக இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டன. இது சர்க்கார் தானாகக் கொடுத்த வரமல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் ஊர் நடுவே மஸ்டர் ரோலை உரக்க வாசித்து, "இந்த ஆள் செத்து எத்தனை வருஷம் ஆயிற்று? இவருக்கு யார் கூலி கொடுத்தது?" என்று ஜனங்களைக் கேட்க வைத்தது. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் மறியல் நடந்தது. அப்படிப்பட்ட போராட்டங்களின் பலன் 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் 1997-லேயே இப்படி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் விதிவிலக்குகள் மலிந்து அது பல்லில்லாத சட்டமாய் இருந்தது.

நம் மாணவத் தோழரின் நிரல் இங்கே என்ன செய்யும்? ஒரு ஊராட்சியின் பக்கத்தைத் திறக்கும். இந்த ஆண்டுப் பட்டியலை எடுத்து ஒரு பக்கம் வைக்கும். போன ஆண்டுப் பட்டியலை மறுபக்கம் வைக்கும். போன ஆண்டு இருந்து இந்த ஆண்டு காணாமல் போன பெயர்களைத் தனியே எழுதும். நீக்கியதற்குச் சொன்ன காரணத்தைப் பக்கத்தில் குறிக்கும். ஒரு ஊராட்சிக்குச் செய்வதை ஒன்றியம் முழுமைக்கும் செய்யும். கையால் செய்தால் மாதக் கணக்கில் ஆகும் வேலை ஓர் இரவில் முடியும்.

இது கற்பனையல்ல. லிப்டெக் இந்தியா என்ற குழுவினர் இந்த இணையக் கணக்குகளைத் தொடர்ந்து அலசி, தொழிலாளர் பெயர்கள் கொத்துக் கொத்தாக நீக்கப்படுவதை அம்பலப்படுத்தினார்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 2022-23 ஒரே ஆண்டில் 5 கோடியே 18 லட்சம் தொழிலாளர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன என்று 2023 ஜூலையில் மத்திய மந்திரியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் நீக்கப்பட்டது 1 கோடியே 49 லட்சம். ஓராண்டில் மூன்று மடங்குக்கு மேல்! சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, "வேலை செய்ய விருப்பமில்லை" என்பது. வேலை கேட்டு ஊராட்சி ஆபீஸ் வாசலில் நிற்கிறவனுக்கு வேலையில் விருப்பமில்லை என்று எழுதுகிறது சர்க்காரின் கணக்கு!

தோழர்களே, கவனியுங்கள். 5 கோடியே 18 லட்சம் என்ற எண்ணை நிரல் கூட்டிக் காட்டும். ஆனால், "விருப்பமில்லை" என்பது பொய் என்று நிரலுக்குத் தெரியாது. அதற்கு அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போக வேண்டும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு வேலை வேண்டாமென்று யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்க வேண்டும். செய்தி அங்கேதான் பிறக்கிறது.

நிரல் எழுதுகிறவருக்கு இன்னும் சில சங்கடங்கள் உண்டு. ஒரே முருகன் ஒரு பட்டியலில் ஒரு ஆங்கில எழுத்துக் கூட்டிலும் மறு பட்டியலில் வேறு கூட்டிலும் இருப்பார். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னே, மற்றொன்றில் பின்னே இருக்கும். யந்திரம் இவர்களை இரண்டு ஆளாக எண்ணும். தமிழில் யூனிகோடு எழுத்து முறையை அரசு 2010-ல் தரமாக ஏற்றுக் கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்களும், காகிதத்தைப் படமாகப் பிடித்துப் போட்ட பிடிஎஃப் கோப்புகளும் இன்னும் ஏராளம். அவற்றை யந்திரம் வாசிக்கத் திணறும். இதையெல்லாம் சரிசெய்யாமல் "இத்தனை ஆயிரம் போலிப் பெயர்கள்" என்று செய்தி போட்டால், முருகனின் கூலிக்கு நாமே உலை வைத்தவர்கள் ஆவோம்.

யந்திரத்தை நம்பிக் கெட்டதற்குச் சர்க்காரே உதாரணம். 2023 ஜனவரி 1 முதல் வேலைத்தலங்களில் தினமும் இருமுறை போட்டோ எடுத்து, கைப்பேசிச் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்று உத்தரவு போட்டார்கள். ஊழலை ஒழிக்கவாம்! சிக்னல் கிடைக்காத காடு மலைகளில் வேலை செய்தவர்கள் என்ன கதி ஆவார்கள் என்று யோசிக்கவில்லை. படத்தையே படம் பிடித்து ஏற்றுவது உள்ளிட்ட மோசடிகள் நடக்கின்றன என்று 2025 ஜூலையில் மத்திய இலாகாவே சுற்றறிக்கை விட்டது. மோசடி செய்கிறவன் யந்திரத்தையும் ஏமாற்றுகிறான். வெயிலில் நின்று மண் வெட்டிய பெண்ணுக்கு வருகை விழவில்லை.

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே அகற்றி, அதன் இடத்தில் வேறொரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி விட்டார்கள். கூலிச் செலவிலும் ஒரு பங்கை மாநிலங்களின் தலையில் கட்டியிருக்கிறார்கள். இருபதாண்டுக் கணக்கு இணையத்தில் இருக்கிறது. இருக்கும்போதே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை, "பழைய திட்டத்தில் யாருக்கும் வேலையே கிடைக்கவில்லை, புதியதில்தான் கிடைக்கிறது" என்று ஒருவர் மேடையில் பேசுவார். அன்று பதில் சொல்ல உங்கள் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

பணமூட்டையின் கணக்கு

ஏழையின் கூலி ஒரு ரூபாய் பிசகினாலும் இணையத்தில் தெரியும். பணக்காரன் கட்சிகளுக்குக் கொடுத்த கோடிகள் மட்டும் ஏன் தெரியவில்லை?

தேர்தல் பத்திரத் திட்டத்தை 2017-ல் அறிவித்து, 2018 முதல் நடத்தினார்கள். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பது ஜனங்களுக்குத் தெரியக்கூடாது என்பதே அதன் உயிர். மார்க்சிஸ்ட் கட்சி அந்தப் பணத்தை வாங்க மறுத்ததோடு, வழக்கும் தொடுத்தது. 2024 பிப்ரவரி 15-ந் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. விற்பனையான பத்திரங்களின் மொத்த மதிப்பு 16,500 கோடி ரூபாய்க்கு மேல்.

பிறகு நடந்ததைப் பத்திரிகைத் தொழில் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் அறிந்திருக்க வேண்டும். விவரங்களைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதாவது தேர்தல் முடிந்த பிறகு! நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14-ந் தேதி தேர்தல் கமிஷன் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. வாங்கினவர்கள் ஒன்றில், பணமாக்கின கட்சிகள் இன்னொன்றில். எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று இரண்டையும் இணைக்கும் எண் மட்டும் இல்லை. நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்ட பிறகு, மார்ச் 21-ந் தேதி எண்களோடு பட்டியல் வந்தது. பத்திரிகையாளர்களும் நிரல் தெரிந்தவர்களும் உடனே இரு பட்டியல்களையும் எண்ணுக்கு எண் பொருத்தி, கொடுத்தவனையும் வாங்கியவனையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். போட்டிப் பத்திரிகைகளில் இருப்பவர்கள் சிலர் ஒன்று கூடி அந்த வேலையைப் பகிர்ந்து செய்தார்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிந்திய கணக்கில் பாரதிய ஜனதா கட்சிக்குப் போனது 6,060 கோடி. வேறு எந்தக் கட்சியும் அதன் அருகில் இல்லை. அதிகம் கொடுத்தது ஒரு லாட்டரிக் கம்பெனி; 1,368 கோடி. அந்தக் கம்பெனியிடமிருந்து 509 கோடி பெற்றதாக திமுக தானே கமிஷனுக்குத் தெரிவித்திருந்தது. தேர்தலில் நாம் தோள் கொடுத்த கட்சியாயிற்றே என்று இந்த வரியை விட்டுவிடலாமா? கூடாது. வேண்டியவர் கணக்கை மறைக்கிற பத்திரிகையாளன் வேண்டாதவர் கணக்கைச் சொல்லும்போது யார் நம்புவார்கள்?

சராசரி என்னும் திரை

லெனினுடைய பாடத்துக்கு இப்போது வருகிறேன். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு நூற்றுக்கு 80. தருமபுரி மாவட்டத்தில் 68.5; மாநிலத்திலேயே கடைசி. இது ஒரு சராசரியின் திரையைக் கிழித்தது. ஆனால், தருமபுரியின் 68.5 இன்னொரு திரை. நகரத்து வாத்தியார் வீடும், பாலக்கோட்டுக் கரும்பு விவசாயி வீடும், மலைமேல் இருக்கும் வீடும் இதற்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மாவட்டத்தில் பழங்குடி மக்கள் நூற்றுக்கு நாலு பேர். குக்கிராமக் கணக்கு ஊராட்சிக் கணக்கில் கரைகிறது. ஊராட்சி ஒன்றியத்தில் கரைகிறது. ஒன்றியம் மாவட்டத்தில் கரைகிறது. மேலே போகப் போக வத்தல்மலை காணாமல் போகிறது. பிரித்துப் பார்க்கும் வேலைக்குத்தான் நிரல் வேண்டும்.

சரியாகப் பிரித்த ஒரு எண் என்ன செய்யும் என்பதற்கும் இதே மாவட்டம் சாட்சி. 2001-ல் இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். பெண் சிசுக்கொலை எங்கோ ஒன்று இரண்டு நடக்கிறது என்று இனி யாரும் சமாதானம் சொல்ல முடியவில்லை. எங்கே அந்தப் பெண் பிள்ளைகள் என்ற கேள்விக்குச் சர்க்காரும் சமூகமும் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2011-ல் இது 900-ஐத் தாண்டியது.

அதற்குப் பிறகு? 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை எடுக்கவில்லை. 2027 மார்ச் 1-ஐக் குறிப்புத் தேதியாகக் கொண்டு எடுப்பதாக 2025-ல் அறிவித்தார்கள். பதினாறு ஆண்டு இடைவெளி! ரேஷன் முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாத் திட்டமும் பழைய கணக்கின்மேல் ஓடுகிறது. எண்ணாமல் விடுவதும் ஓர் அரசியல்தான்.

எண்ணுவதில் இன்னொரு தந்திரமும் உண்டு. விவசாயிகள் தற்கொலையைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைக் கொண்டே சாய்நாத் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். 2014-ம் ஆண்டு அறிக்கையில் வகைப்பிரிவுகளையே மாற்றிவிட்டார்கள். விவசாயிகள் எண்ணிக்கை குறைந்தது. வேறு பத்திகளில் எண்ணிக்கை ஏறியது. ஆகவே, எண்ணைப் பார்க்குமுன் தலைப்பைப் பாருங்கள். போன ஆண்டுத் தலைப்பும் இந்த ஆண்டுத் தலைப்பும் ஒன்றா என்று பாருங்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத வாச்சாத்தி

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த மாவட்டத்தில் நின்று பேசுகிறவன் ஓர் ஊரின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி. உங்களைப் போன்ற மலையாளி பழங்குடி மக்களின் ஊர்.

1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், ஜனங்களைச் சிறையில் தள்ளினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அன்றைய சர்க்காரின் எந்தப் பதிவேட்டிலாவது இது இருந்ததா? சந்தனக்கட்டை பறிமுதல் கணக்கு இருந்தது. கைதானவர்கள் கணக்கு இருந்தது. மற்றது எதுவும் நடக்கவில்லை என்று சாதித்தார்கள். அன்று இணையமும் நிரலும் இருந்து, சர்க்கார் ஆவணம் முழுவதையும் ஒருவன் அலசியிருந்தாலும் அவனுக்குக் கிடைத்திருப்பது சந்தனக்கட்டைக் கணக்குதான்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள் அந்த வெறிச்சோடிய ஊருக்குப் போனார்கள். தோழர் பெ. சண்முகம் போன்றவர்கள் ஜனங்களைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராயிருந்த தோழர் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்துக்குப் போனார். சிபிஐ விசாரணை வந்தது. 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29-ந் தேதி, தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மற்ற 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். 2023 செப்டம்பர் 29-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்!

இன்று 269, 215, 18 என்று நாம் சொல்லும் எண்கள் எங்கிருந்து வந்தன? அந்தப் பெண்களின் வாக்குமூலத்திலிருந்து வந்தன. மிரட்டலுக்கு அஞ்சாமல், அவர்கள் நீதிமன்றத்தில் நின்று சொன்னதால் அவை கணக்கில் ஏறின. பட்டியலில் இல்லாததால் ஒரு விஷயம் நடக்காதது ஆகிவிடாது. யார் எழுதிய பட்டியல், எழுதியவனே குற்றவாளியா என்று பார்க்காத பத்திரிகையாளன் எவ்வளவு நிரல் கற்றும் பயனில்லை.

கதவை மூடுகிறார்கள்

நாம் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் இந்த வேளையில் அவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பூட்டப் பார்க்கிறார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்ற அழகான பெயரில் 2023-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கைவைக்கிறது. பொதுநலன் இருந்தால் தனிநபர் சம்பந்தப்பட்ட தகவலையும் தரவேண்டும் என்று முன்பு அந்த ஷரத்திலேயே இருந்த வாசகத்தை நீக்கி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. 2025 நவம்பரில் இது அமலுக்கும் வந்துவிட்டது. மஸ்டர் ரோலில் இருப்பது பெயர்தானே? சாலை காண்டிராக்டர் பெயரும் பெயர்தானே? ரேஷன் பட்டியலும் பெயர்தானே? எல்லாவற்றையும் தனிநபர் தகவல் என்று சொல்லி மறைக்க இப்போது அதிகாரிக்குச் சாக்கு கிடைத்துவிட்டது. வேறொரு ஷரத்தின் கீழ் பொதுநலனைக் காட்டிக் கேட்க இன்னும் இடமிருக்கிறது. அதை விடாமல் பயன்படுத்த வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏழையின் அந்தரங்கம் நமக்கும் முக்கியம். ஒரு கூலிக்காரப் பெண்ணின் ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கையோ நோயையோ செய்தியில் போடும் உரிமை எந்தப் பத்திரிகையாளனுக்கும் கிடையாது. இணையத்தில் கிடந்தாலும் கிடையாது. நாம் வெளியில் இழுக்க வேண்டியது அதிகாரத்தின் கணக்கை.

இந்த மலையில் என்ன செய்யலாம்?

மாணவத் தோழர் கேட்ட பிரயோஜனத்துக்கு இனி நேராக வருகிறேன். நாளைக்கே தொடங்கக் கூடிய வேலைகள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, விலை. காப்பி வாரியம் நாள்தோறும் காப்பி விலையை வெளியிடுகிறது. மிளகுக்கும் விலை வெளியாகிறது. ஒரு சிறிய நிரல் தினமும் அதை எடுத்து எழுதி வைக்கட்டும். இங்கே வாலிபர்கள், வியாபாரி எந்தத் தேதியில் என்ன விலை கொடுத்தார், ஈரம் என்றும் கழிவு என்றும் எடையில் எவ்வளவு பிடித்தார் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அறுவடைக் காலம் முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடையில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். தெரிந்தால், கூட்டாகச் சேர்ந்து பேரம் பேசலாம். கூட்டுறவுக் கொள்முதல் கேட்கலாம்.

இரண்டாவது, நில உரிமை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2008-ல் உயர்நீதிமன்றம் போட்ட தடையால் பட்டா வழங்குவது நின்றது. 2016-ல் உச்சநீதிமன்றம் தடையை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் போயின. எத்தனை மனு வந்தது, எத்தனை ஏற்றது, எத்தனை தள்ளியது என்று சர்க்கார் கணக்கு வெளியிடுகிறது. தள்ளியவை என்ற பத்தியில் இருப்பது எண் மட்டும். யாருடைய மனு, என்ன காரணம், கிராம சபை கூடிப் பேசியதா என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டியது நீங்கள்.

மூன்றாவது, எழுதியதைத் திருப்பிக் கொடுப்பது. செய்தி இணையத்தில் வந்துவிட்டது என்று திருப்திப்படாதீர்கள். அதை இங்கே ஊர் கூடும் இடத்தில் நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். "இந்தக் கணக்கு சரியா?" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருத்தி, "அந்த வருஷம் மழையே இல்லை, நாங்கள் வேலை கேட்டோம், தரவில்லை" என்று சொன்னால், உங்கள் அட்டவணையில் ஒரு பூஜ்யத்துக்கு அர்த்தம் கிடைத்துவிடும். அதையும் சேர்த்து எழுதுங்கள். எந்த இலாகாக் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் செய்தியோடு வெளியிடுங்கள். சந்தேகப்படுகிறவன் தானே போட்டுப் பார்க்கட்டும்.

நிரலைக் கற்றுக் கொள்ளுங்கள், நன்றாகவே கற்றுக் கொள்ளுங்கள். முதலாளியின் ஆபீசில் அந்தத் திறமைக்குச் சம்பளம் அதிகம் கிடைக்கும். அங்கே அது யார் எதை வாங்குவார்கள் என்று கணக்குப் போடும். இங்கே அது யாருக்கு எது சேரவில்லை என்று கணக்குப் போடும். தருமபுரிக்கு இறங்கும் பேருந்தில் காப்பி மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கு அன்றைய சந்தை விலை தெரிந்திருந்தால், வத்தல்மலைக்கு உங்கள் படிப்பு பிரயோஜனப்பட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தை இன்றே வாங்குங்கள். முதல் பக்கத்தில் தேதியைப் போடுங்கள்.